பொருந்தும்காரரின் தங்கை

அவளுடைய அண்ணன் வாயில் நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: பொருந்தும். எவன் எந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, எந்தச் சாமானைக் கேட்டாலும் சரி, அலமாரிக்குள் கையை விட்டு முதலில் அகப்பட்டதை எடுப்பான். துணியால் ஒரு துடை துடைப்பான். "பொருந்தும், கொண்டு போங்க" என்பான். இதனால் அவனுக்குப் பொருந்தும்காரர் என்று பட்டப்பெயர் விழுந்தது. வைத்தவன் கிண்டலாகத்தான் வைத்தான். அண்ணனோ அதைப் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, பெயின்டரை வரவழைத்துக் கடைப் பலகையிலேயே எழுதச் சொல்லிவிட்டான். பெயின்ட் காய்வதற்குள் தங்கைக்கு அவன்மேல் மிச்சமிருந்த மரியாதையும் காய்ந்துபோனது.

கடை அவர்களுடைய அப்பா வைத்துவிட்டுப் போனது. மரம் அறுக்கும் சங்கிலி மெஷின்களுக்கு, அதிலும் செய்த கம்பெனிக்காரனே கைகழுவிவிட்ட பழைய மாடல்களுக்கு, உதிரிச் சாமான் விற்கிற கடை. காடு வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் தொழிலை மூடியபோது அவரிடமிருந்த செத்த மெஷின்களை அப்பா மொத்தமாக லாரியில் அள்ளிவந்து கொட்டினார். அந்தக் குவியல்தான் கடைக்கு முதலீடு. மகன் ஆம்பிளைப் பிள்ளை என்பதால் முன்னால் மேஜையில் உட்கார வைத்தார். மகளைப் பின்கட்டில் தள்ளி, குவியலைப் பிரித்துப் போடச் சொன்னார். அப்பா வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதையும் தெரியாமல்தான் செய்தார்.

பின்கட்டில் வெளிச்சம் குறைவு. மண்ணெண்ணெய் வாடை. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் பேசுவது காதில் விழாது. அங்கே உட்கார்ந்து கழற்றிக் கழற்றி அவள் கற்றுக்கொண்டது இதுதான்: மெஷினின் மேல்மூடியை நம்பக் கூடாது, நிறத்தை நம்பக் கூடாது, ஒட்டியிருக்கும் பெயரை நம்பவே கூடாது. மூடி உடைந்தால் வேறொன்றின் மூடியை மாட்டுவார்கள். நிறம் போனால் வீட்டுக் கதவுக்கு அடித்த மிச்சப் பெயின்டை அடிப்பார்கள். பெயர் எழுதிய தகடு கழன்றால் பக்கத்து மெஷினிலிருந்து பெயர்த்து ஒட்டுவார்கள். பொய் சொல்லத் தெரியாதது அடிப்பாகம் மட்டும்தான். கிளட்சுப் பக்கம் அழுக்கைச் சுரண்டினால் வார்ப்பிலேயே ஓர் எண் இருக்கும். அதுவும் தேய்ந்திருந்தால் ஓட்டைகளைப் பார்க்க வேண்டும். சைலன்சர் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஓட்டை இரண்டா மூன்றா, சங்கிலி சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாருக்கு எண்ணெய் வரும் ஓட்டை மேலேயா கீழேயா. யார் மெஷினைக் கொண்டுவந்தாலும் அவள் வாய் திறக்காமல் குனிந்து ஓட்டைகளை எண்ணுவாள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஓட்டை எண்ணி. அவள் அதைப் பலகையில் எழுதவில்லை.

வருகிறவர்கள்மேலும் அவளுக்கு மதிப்பு கிடையாது. தன் மெஷின் என்ன மாடல் என்று கேட்டால் "சிவப்பு" என்பார்கள். எந்தக் கம்பெனி என்றால் "மாமனார் கொடுத்தது" என்பார்கள். இவள் எண்ணைச் சுரண்டிப் பார்த்து, இது நீங்கள் நினைக்கிற மெஷின் இல்லை, மூடிதான் அது, உடம்பு வேறு, இதற்கு இன்ன பிஸ்டன்தான் சேரும், அது இப்போது இல்லை, தேடித்தான் பார்க்கவேண்டும் என்று சொன்னால், பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கும். உடனே முன்னால் திரும்பி அண்ணனைப் பார்ப்பார்கள். அண்ணன் அலமாரிக்குள் கையை விடுவான். கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் போவார்கள். நாலு நாளில் பாரும் சங்கிலியும் கருகித் திரும்பி வருவார்கள். மாட்டிய பார் பொருந்தியது உண்மைதான், போல்ட் இரண்டும் உள்ளே போயின. எண்ணெய் ஓட்டைதான் அடைபட்டுப்போனது. அதற்கும் அண்ணன் பதில் வைத்திருப்பான். மரம் சரியில்லை என்பான். அந்த மரத்தில் பிசின் அதிகம் என்பான். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டுகிற தலைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனித இனத்தின்மேல் இருந்த நம்பிக்கை நட்டு தேய்வது மாதிரி தேய்ந்துவந்தது.

அவள் புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் சாப்பிடும்போது, "உங்க அண்ணன் பாவம், வாய் இருக்கு, பொழைச்சுப் போறார், நீ ஏன் மல்லுக்கு நிக்கிறே?" என்றார். அவள் அன்று அவருக்கு இரண்டாம் முறை பரிமாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தாடிக்காரர் வந்தார். மின்சாரக் கம்பி மேல் சாயும் மரங்களை வெட்டுவது அவர் வேலை. நெஞ்சு வரை தாடி, கைகள் இரண்டும் உலக்கை. அவரிடம் இருந்தது ‘அறுபது’ என்று எல்லோரும் சொல்கிற பெரிய மெஷின். வண்டியிலிருந்து விழுந்து அதன் ஃப்ளைவீலில் பாதி இறக்கைகள் உடைந்துபோயிருந்தன. என்ஜினுக்குக் காற்றை வீசுவதும், சுற்றும்போது காந்தத்தால் பொறியைக் கிளப்புவதும் அந்தச் சக்கரம்தான். அது போனால் மெஷின் பிணம்.

அவள் ஓட்டைகளைப் பார்த்தாள். அறுபது என்ற ஒரே பெயரில் கம்பெனிக்காரன் இரண்டு மெஷின் செய்திருந்தான். முன்னால் வந்தது ஒன்று, பின்னால் வந்தது ஒன்று. வெளியே இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பொறி கிளம்புகிற ஏற்பாடே வேறு. தாடிக்காரருடையது பின்னால் வந்தது. கடையில் கிடந்த ஃப்ளைவீலோ முன்னால் வந்ததுடையது. தண்டில் கச்சிதமாக ஏறும், நட்டும் இறுகும். ஆனால் காந்தம் இருக்கும் இடம் வேறு. பொறி முன்கூட்டியே விழுந்துவிடும். கயிறு இழுக்கும்போது மெஷின் முன்னால் சுற்றாமல் பின்னால் உதைக்கும். உங்கள் மெஷினுக்குச் சேருகிற ஃப்ளைவீல் ‘அறுபத்தாறு’ என்கிற இன்னொரு மாடலில் இருக்கும், மூடியும் நிறமும்தான் மாறும், அது அகப்படும்வரை பொறுக்கவேண்டும் என்று அவள் தாடிக்காரரிடம் விளக்கினாள். தாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், வழக்கம்போல, முன்னால் திரும்பினார்.

"இதெல்லாம் அவ புத்தகம் படிச்சுப் பேசறது," என்றான் அண்ணன். அவள் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. "ஏறுதா? ஏறுது. இறுகுதா? இறுகுது. அப்புறம் என்ன? பொருந்தும்."

"அண்ணா, உதைக்கும்," என்றாள் அவள்.

"உதைச்சா நான் வாங்கிக்கறேன், போ."

வாங்கிக்கொண்டான். தானே ஃப்ளைவீலை மாட்டி, வாசலில் நாலு பேர் பார்க்க மெஷினைத் தரையில் வைத்து, பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தான். மெஷின் ஒரு முறை கனைத்தது. கயிறு போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பியது. கைப்பிடியை விடத் தெரியாமல் அண்ணனும் கூடவே போனான். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். பிறகு அண்ணன் தரையில் உட்கார்ந்து, வீட்டில் யாரோ செத்த மாதிரி அழுதான்.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப்போனாள். ஆட்டோவில் அவள் தோளில் சாய்ந்துகொண்டு வழியெல்லாம் முனகினான். தனக்கு இரக்கம் வருகிறதா என்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. கயிற்றுப் பிடியை எப்போது விடவேண்டும் என்றுகூடத் தெரியாதவன் இத்தனை வருஷம் மெஷின் கடையில் உட்கார்ந்திருக்கிறானே என்ற அருவருப்புதான் வந்தது. டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டதும் அழுகையை நிறுத்தி, "ரெண்டு பங்கு சக்தி உள்ள மெஷின் சார், சாதாரண ஆளுக்கு அடங்காது" என்றான். டாக்டரும் தலையாட்டினார். படித்த தலை, படிக்காத தலை, எல்லாம் ஒரே ஸ்பிரிங்கில்தான் ஆடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அவன். இரண்டு நாளில் மாவுக்கட்டோடு வந்து மேஜையில் உட்கார்ந்தான். வருகிறவர்களிடமெல்லாம் கட்டைத் தூக்கிக் காட்டினான். கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் மெஷின் உதைத்தது. பிறகு மெஷின் பாய்ந்தது. ஒரு வாரத்தில் அண்ணன் ஒற்றைக் கையால் அதை அடக்கி அணைத்ததாக ஆயிற்று. அண்ணி தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், "இவர் மட்டும் பிடிக்கலேன்னா நாலு பேர் போயிருப்பாங்க" என்று சேர்த்துக்கொள்வாள். பார்க்க வந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஒரு மாதத்துக்குள் ஆட்கள் வந்து அந்தச் சாமானையே கேட்க ஆரம்பித்தார்கள். "உதைக்கிற ஃப்ளைவீல் இருக்காமே, அது ஒண்ணு கொடுங்க." பலம் ஜாஸ்தியாகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை, மாவுக்கட்டோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் தாடிக்காரரே வந்தார். மெஷின் அன்றிலிருந்து கடை மூலையில்தான் கிடந்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அப்படியே கொண்டுபோகிறேன் என்றார்.

"இன்னும் சரி பண்ணலை," என்றாள் அவள்.

"சரி பண்ண வேண்டாம்க்கா. அண்ணன் கையையே ஒடைச்ச மெஷின். இப்படியே இருக்கட்டும். நம்ம ஆளுங்க மத்தியில ஒரு மரியாதை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனிதன் ஏணி மேல் ஏறி, பக்கத்தில் மின்சாரக் கம்பியை வைத்துக்கொண்டு, இந்தக் கயிற்றை இழுப்பான். கீழே இவன் கூட்டாளிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தோளிலிருந்து மெஷினை இறக்கச் சொன்னாள். ஒரு ஸ்பேனரை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், ஃப்ளைவீலை உருவி வெளியே எடுத்தாள். வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். வார்ப்பு உலோகம், மூன்றே அடியில் சில்லு சில்லாகப் போனது.

அண்ணனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கை ஒடிந்தபோதுகூட அப்படிக் கத்தவில்லை. அப்பா வாங்கிய பொருள் என்றான், ஆயிரம் பேர் கேட்கிற பொருள் என்றான், பொறாமை பிடித்தவள் என்றான். அவள் சுத்தியலைத் துடைத்து மாட்டிவிட்டு, "பாகம் பிரிச்சுக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவன் கத்தியது எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர்களும் தலையாட்டுவார்கள். முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையை அவள் அண்ணனுக்கே கொடுத்தாள். தாராள மனசு என்று அண்ணி நினைத்தாள். அவளுக்கு அவனைத் தெரியும். நகைக்கடையில் புகுந்த காக்கை மாதிரி பளபளப்பாக எது கண்ணில் பட்டதோ அதையெல்லாம் அண்ணன் பொறுக்கினான். முழு உருவத்தோடு இருக்கும் மெஷின்கள், நிறம் போகாத மூடிகள், நீள நீளமான பார்கள், கம்பெனிப் பெயர் பொறித்த தகடுகள். உள்ளே பிஸ்டன் இருக்கிறதா என்று ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மிச்சமென்று அவள் பங்குக்கு வந்தது டப்பா டப்பாவாக கார்புரேட்டர், பேரிங், சிலிண்டர், வாஷர், பின், கரி பிடித்த அடிப்பாகங்கள். பார்த்தால் குப்பை லாரிக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அவற்றோடும் தாடிக்காரருடைய மெஷின் பிணத்தோடும் பின் தெருவில் சைக்கிள் கடை காலி செய்த ஓர் அறைக்குப் போய்விட்டாள். புருஷன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து பலகை அடித்துக் கொடுத்தார்.

அண்ணன் ஒரு வருஷத்தில் தெருவுக்கு வருவான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்குத் தப்பாகிவிட்டது. ஊரில் புதிதாக ஒரு பெரிய ஹோட்டல் திறந்தார்கள். சுவரெல்லாம் பூச்சைப் பெயர்த்துச் செங்கல்லைக் காட்டி, பழைய இரும்புச் சாமான்களைத் தொங்கவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதை நாகரிகம் என்று சொல்லுகிற இடம். அதன் முதலாளி அண்ணன் கடைக்கு வந்து, ஓடாத மெஷின்கள் இருக்கிறதா என்று கேட்டார். தன் பிழைப்பில் முதல் முறையாக அண்ணனிடம் சரக்கு சரியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மினுக்குகிற பொருள் வேண்டுமென்றால் அவனைவிட்டால் ஆள் ஏது? அலமாரி காலியாயிற்று. அந்த ஹோட்டலைப் பார்த்து இன்னொரு ஹோட்டல், அதைப் பார்த்து ஒரு துணிக்கடை. அண்ணன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து மேலும் மேலும் வாங்கி, பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு எழுதித் தொங்கவிட்டான். புதுச் சட்டை போட ஆரம்பித்தான். புருஷன் இதை வந்து சொன்னபோது அவள் கையிலிருந்த திருப்புளி கொஞ்ச நேரம் சுற்றாமல் நின்றது.

புருஷனோடு வேலை செய்த டிரைவர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவருக்கு அந்த முதல் ஹோட்டலில்தான் விருந்து. வேண்டாவெறுப்பாக அவளும் போனாள். ஆளுக்கொரு சூப்புக் கிண்ணத்தோடு மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் எழுந்து சுவரோரம் நடந்தாள். ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றின் தலையில் இன்னொன்றின் மூடி. ஒன்றில் பாரைத் தலைகீழாக மாட்டியிருந்தான். மூலையில் பச்சைப் பெயின்ட் அப்பிய ஒரு மெஷின் தொங்கியது, அப்பாவின் குவியலில் இல்லாதது, அண்ணன் பிறகு வாங்கியது. ‘இரண்டாம் உலகப் போரில் காடுகளை அழித்தது’ என்று கீழே எழுதியிருந்தது. அவள் குனிந்து சைலன்சர் ஓட்டைகளைப் பார்த்தாள். நகத்தால் பச்சையைச் சுரண்டினாள். போர் முடிந்து, அவளே பிறந்து, பள்ளிக்கூடம் போய், ஃபெயிலாகித் திரும்பிய பிறகு செய்த மெஷின் அது. அறுபத்தாறு. மூடியின் காற்று வரும் சந்தில் விரலை விட்டாள். உள்ளே ஃப்ளைவீலின் இறக்கைகள் ஒன்றுகூட உடையவில்லை.

ஹோட்டல் முதலாளி பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். அவள் போர் விஷயத்தைச் சொன்னாள்.

"தெரியும்மா," என்றார் அவர். "சாப்பிட வர்றவங்களுக்கு வரலாறு வேண்டாம், படம் பிடிக்க ஒரு கதை வேணும். அவர் நல்லா எழுதறார்."

ஏமாந்தவன் என்று நினைத்த ஆளும் கூட்டாளிதான் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. இனி இவருக்காகவும் வருத்தப்பட வேண்டியதில்லை. இதன் உள்ளே ஒரு சக்கரம் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு மூடியை மறுபடி மாட்டிவிடுகிறேன், வெளியே ஒன்றும் தெரியாது என்று நேரடியாகக் கேட்டாள். பதிலுக்கு அவர் சமையலறையின் விறகு அறுக்கிற மெஷினைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலை ஹோட்டல் திறப்பதற்கு முன் போய் இரண்டு வேலையையும் முடித்தாள். பச்சை மெஷின் திரும்பவும் சுவரில் ஏறியது. வயிறு காலியான பிறகும் அதே கம்பீரம். அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

தாடிக்காரர் சொல்லி அனுப்பியதும் வந்தார். அறை வாசலில் மெஷினை வைத்துக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டு, சீராக, தெருவே அதிரும்படி ஓடியது. அறுபது ஓடவேண்டிய விதத்தில் ஓடியது. அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் யார்மேலும் அவளுக்கு எந்தக் கசப்பும் இல்லை. தாடிக்காரர் அணைத்தார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் இழுத்தாற்போல். "முன்ன மாதிரி அந்த வேகம் இல்லையேக்கா."

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் அவள். கசப்பு தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து அண்ணன் முதல் முறையாகப் பின் தெருவுக்கு வந்தான். கட்டு பிரித்த மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. உள்ளே வரவில்லை, வாசல் படியோடு நின்றான். அவளும் வா என்று சொல்லவில்லை. ஊரில் பழைய மெஷின் தட்டுப்பாடு, உன்னிடம் கழற்றிப்போட்ட காலி உடம்புகள் கிடக்குமே, சும்மா துருப்பிடிக்கிறதுதானே என்றான். இரும்புக் கடையில் தான் வாங்குகிற மெஷின்களை முதலில் இங்கே கொண்டுவருகிறேன், வேண்டியதை உருவிக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் புத்திசாலித்தனமான பேச்சு அது. அண்ணி சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று அவள் நினைத்தாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அண்ணன் வாரத்துக்கு ஒரு முறை தள்ளுவண்டியில் மெஷின்களைக் கொண்டுவந்து வாசலில் இறக்குவான். அவள் உள்ளே இருப்பதை எல்லாம் உருவிக்கொண்டு, மூடியை மூடி, கூட்டை வாசலிலேயே வைப்பாள். அவள் கடையில் சாமான் கிடைக்கவில்லை என்று யாரும் திரும்பிப் போவது குறைந்துவிட்டது. ஆனாலும் அவள் சொல்வதைக் கேட்டு முகம் சுருங்காமல் போகிறவர் கிடையாது. அண்ணனோடு வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. போன வாரம் ஒரு கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவன், அட்டையில் எழுதவேண்டும், இது என்ன மாடல் என்று கேட்டான். அவள் வார்ப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி, எந்தக் காலம், எத்தனை குதிரை சக்தி என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"எடுப்பா இல்லையே," என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து, கப்பல் கட்டுகிற இடத்தில் பயன்பட்டது என்று எழுதினான்.